காலனி ஸ்டாப்

சத்யப்பிரியா ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஏழு வருடமாக லைனில் நிற்கிறாள். நானும் அங்கேதான். இருவருக்கும் வீடு தலித் காலனியில். காலையில் கம்பெனி பஸ் எங்கள் காலனியைத் தாண்டித்தான் ஊர்க் கோயில் வாசலுக்கு வரும். ஆனால் காலனியில் நிற்காது. பஸ் ஏறவும் இறங்கவும் ஊர்த்தெரு வழியாக நடக்க வேண்டும். அங்கே விழும் பேச்சுக்குக் காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கம்பெனிக்கு மூன்று முறை மனு கொடுத்து, நான்காம் முறை காலனி ஸ்டாப்பை வாங்கினாள் சத்யப்பிரியா. வந்தது வினை. காலையில் எங்கள் ஸ்டாப் முதலில் வருவதால் நாங்கள் உட்கார்ந்துவிடுவோம். கோயில் வாசலில் ஏறும் ஊர்க்காரர்கள் நின்றுகொண்டு வர வேண்டும். லைனில் எங்கள் தோளை உரசி எட்டு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு, எங்கள் முன்னால் அரை மணி நேரம் நிற்பது மானம் போகிற விஷயமாகிவிட்டது. த்தூ!

ஐந்தாம் நாள், பகல் மூன்று மணி. ஷிப்ட் முடிந்து வந்த பஸ் காலனியில் நின்றது. சுவருக்குப் பின்னாலிருந்து ஆறு பேர் இரும்புக் கம்பியோடு பாய்ந்தார்கள். "ஒக்காந்துகினு போற சொகம் கேக்குதா உங்களுக்கு?" என்று கத்தியபடி ஒருவன் இறக்கிய முதல் அடி சத்யப்பிரியாவின் இடது கையில். எலும்பு முறிந்த சத்தம் படியில் நின்ற எனக்குக் கேட்டது. அவளுக்கு அடுத்து இறங்கியவன் முகத்தில் அதே ஆளின் இரண்டாவது அடி. விழுந்த பிறகும் விடவில்லை, மிதித்தார்கள். நீலச் சட்டை, தொப்பி, தூசிக்கு மாஸ்க் என்று எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருந்தோம். ரத்தத்தில் மாஸ்க் நழுவியதும் அடித்தவன் கம்பியைப் போட்டுவிட்டு அலறினான்.

"ஐயோ, நம்ம ஹேமந்த்துடா!"

ஹேமந்த் ஊர்ப் பையன். ஓ.டி. சேர்த்துப் பதினாறு மணி நேரம் வேலை பார்த்த அசதியில் தூங்கி, கோயில் வாசலைத் தவறவிட்டிருக்கிறான். அடித்தது அவனுடைய சொந்தச் சித்தப்பா இராமச்சந்திரன்.

மற்ற ஐந்து பேரும் ஓடிவிட்டார்கள். எங்கள் பெண்கள்தான் துணி சுற்றி அவனை ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தான், வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் எஸ்.ஐ. சத்யப்பிரியாவிடம் புகார் எழுத வந்தபோது, இராமச்சந்திரன் அவள் கட்டிலருகே கைகூப்பி நின்றான். வன்கொடுமை வழக்கு என்றால் ஜெயில் என்று தெரியும்.

"பஸ்ஸு பிரேக் போட்டதுல வுழுந்துட்டோம்னு சொல்லிடும்மா. தெரியாம அடிச்சிட்டேன். நம்ம புள்ளன்னு தெரிஞ்சா அடிச்சிருப்பனா?"

நேற்றுவரை அவளை அவன் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டான். சத்யப்பிரியா அவனைப் பார்க்கவே இல்லை. எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"அவனத் தெரியாமதான் அடிச்சாரு சார். என்னைத் தெரிஞ்சுதான் அடிச்சாரு. ரெண்டையும் எழுதிக்கோங்க."