முனிரத்தினம் வீட்டு விமானம்

நம் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்காக நின்றிருந்தபோது முனிரத்தினத்தின் மைத்துனர் வேகமாக வந்தார். "அண்ணே, முனிரத்தினம் மாமா விடிகாலைல பூட்டாரு. நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். ரயிலை விட்டுவிட்டு அவர் வண்டியில் ஏறினேன். ஸ்கெலட்டன் குடியிருப்பில் அவர் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் பந்தல் போட வழியில்லை. அங்கே விமானம் நின்றிருந்தது. அதன் இறக்கைக்குக் கீழேதான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெயில் படாமல் இருந்தது.

என்னோடு அந்த ரயிலில் போய்வருகிற உங்களுக்கெல்லாம் முனிரத்தினத்தைத் தெரியும். பெங்களூரில் லிப்ட் பழுது பார்க்கிற வேலை. ஆனால் வரைபடம் வாங்கி, அலுமினியத் தகடு வாங்கி, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைத் தன் கையால் கட்டுகிறார் என்பதைப் பலர் வெட்டிப்பேச்சு என்றே நினைத்தீர்கள். நானும் நினைத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கும்வரை. அதன் பிறகு எந்த ஞாயிறும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

அப்போது பெட்ரோல் குழாய் பொருத்திக்கொண்டிருந்தார். இறக்கைக்குள் தொட்டி, அங்கிருந்து மெல்லிய அலுமினியக் குழாய் வழியே பெட்ரோல் தானாக இறங்கி இன்ஜினுக்கு வரவேண்டும். பம்ப் கிடையாது. குழாய் எங்கும் மேடேறக் கூடாது, புகைக்குழாய்ச் சூட்டுக்குப் பக்கம் போகக் கூடாது, தகட்டில் உரசக் கூடாது. ஒவ்வொரு வளைவுக்கும் "இது ஏன்?" என்பேன். அவரும் வேலையைப் போட்டுவிட்டு விளக்க உட்கார்ந்துவிடுவார். இணைப்புக்காகக் குழாயின் வாயை விரிக்கும் முன்பே நட்டை மாட்டிவிட வேண்டும். விரித்த பிறகு நட்டு ஏறாது. பேச்சு சுவாரஸ்யத்தில் அதை மறப்பார். "அய்ய, மாப்பிள்ளைய வுட்டுட்டுக் கல்யாணத்த முடிச்சிட்டம்பா" என்று சிரித்து, விரித்த வாயை அறுத்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

இரண்டாவது இருக்கை அவர் மனைவி தேவகிக்கு. அவரோ ஏற மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தார். "நடுவுல பெட்ரோல் நின்னுபோனா மேல யாரு வந்து தள்ளுவாங்க? மொதல்ல என் கண்ணு முன்னாடி நிக்காம வரட்டும்." முனிரத்தினம் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவ ஏறலன்னா, நான் மட்டும் மேல போயி இன்னா பாக்கப்போறேன்?"

விமானம் ஏறும்போது மூக்கு தூக்கியிருக்கும். அந்த நிலையில் பெட்ரோல் தடையில்லாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஞாயிறன்று முன்சக்கரத்தின் கீழே ஹாலோ பிளாக் அடுக்கி மூக்கைத் தூக்கி நிறுத்தினோம். தேவகி அக்கம்பக்கத்து அடுப்பையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு வந்து கைகட்டி நின்றார். முனிரத்தினம் இன்ஜின் பக்கம் குழாயைக் கழற்றி, ஒரு கேனுக்குள் விட்டு, வால்வைத் திறந்தார். பெட்ரோல் நன்றாக வந்தது. பிறகு மெலிந்தது, சொட்டியது, நின்றேவிட்டது. தொட்டியிலோ நிறைய இருந்தது.

தேவகி உள்ளே திரும்பினார். முனிரத்தினத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. எல்லாக் குழாயையும் பிடுங்கி எறிவார் என்று நினைத்தேன். அவரோ, "இரு, இன்னா சொல்லுதுன்னு கேப்போம்" என்று ஸ்டூலில் ஏறித் தொட்டி மூடியைத் திறந்தார். உடனே கீழே பெட்ரோல் கொட்டியது. மூடினார், சற்று நேரத்தில் நின்றது. திறந்தார், வந்தது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா ஊத்துமா? உள்ள காத்து போவணும்பா!"

காற்று நுழைவதற்கென்றே இறக்கைக்கு அடியில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் பழைய புடவைக் கிழிசல் இறுக்கி அடைத்திருந்தது.

"நான்தான் அடைச்சேன்" என்றார் தேவகி வாசலிலிருந்து. "காத்துக் காலம். டம்ப் மண்ணு பறந்து வருது. குழாய அப்டியே தொறந்து போட்டு வெக்கிறதா?"

நம் ஊரில் வேறென்ன செய்வார்கள்? சுரங்கத்து மண்மேட்டிலிருந்து தூசி கிளம்பினால், ஜன்னல் இடுக்கிலும் சாவித்துவாரத்திலும் துணி அடைக்காத வீடு உண்டா? முனிரத்தினம் கோபிப்பார் என்று பயந்தேன். அவர் அந்தத் துணியை உதறி மடித்துக்கொண்டே, "வேணாம் வேணாம்னவ, எதுக்கு இத காபந்து பண்ண?" என்றார். தேவகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

காற்றுக் குழாயின் வாய்க்கு நுண்ணிய வலை கட்டிவிட்டு மறுபடி திறந்தோம். தொட்டி காலியாகும்வரை பெட்ரோல் நிற்கவில்லை. தேவகியும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "சரி, ஏர்றேன்" என்றார். பறக்க அனுமதி கேட்டு எழுதிப்போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். அது வருவதற்குள் இவர் போய்விட்டார். எனக்கு இது பொறுக்கவேயில்லை.

ஒன்று நின்றுபோனால் அதன்மேல் கோபப்படாமல், ஆசை ஆசையாகக் கேள்வி கேட்கிற அவருடைய சுபாவத்தை நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கருமாதி அன்று உறவினர் ஒருவர், "இன்ஜினையாவது வித்துடலாமே" என்று தொடங்கினார். தேவகி அவரைப் பேச விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அனுமதி வந்தா, ஓட்டத் தெரிஞ்சவங்க யாரயாவது நீங்கதான் கூட்டியாரணும். அவரு சீட்டுல ஒக்காந்து ஓட்டட்டும். பக்கத்து சீட்டு என்னுது."