கவிழ மறுத்த விமானம்

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஐந்து ஐம்பதுக்கு நஞ்சன்கூடு பஸ். ஆறரைக்கு விமானக் கொட்டகை. ஏழு மணிக்கு, காற்று எழும்புமுன், நாங்கள் செய்த சிறு விமானம் சோதனைக்குப் பறந்தது. விமானி ரேடியோவில் "இப்போ" என்று சொன்ன ஒவ்வொரு முறையும், கீழே நான் கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாளில் குறித்தேன். எட்டு பத்துக்கு இட்லி.

வழக்கமாக, விமானத்தின் பதிவுப் பெட்டியில் உள்ள எண்களை என் தாளோடு பொருத்தி அறிக்கை எழுத எனக்கு இரண்டு நாளாகும். அன்று முதன்முறையாக அதைச் செய்தது, பக்கத்து மேசை எஞ்சினியரம்மா எட்டு மாதமாக எழுதிய புரோகிராம். ஐந்து மணிக்குள் அறிக்கை போனால்தான் மறுநாள் பறக்க அனுமதி. போகாவிட்டால் புரோகிராமை மூட்டை கட்டலாம் என்று தலைமை எஞ்சினியர் சொல்லியிருந்தார்.

மூன்று நிமிடத்தில் பதினெட்டுப் பக்கம் வந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் எந்த வேகத்தில் மூக்கு கவிழும் என்பதுதான் முக்கியமான சோதனை. 'கவிழவில்லை' என்றது அறிக்கை.

"மூணு தரம் கவுத்தேன் சார், என் வயிறே சாட்சி!" என்றார் விமானி.

எஞ்சினியரம்மா நாலு மணிவரை தன் புரோகிராமில் பிழை தேடினார். "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "எல்லாம் சரியா இருக்கே! சார், நீங்க கையில பண்ணிக் காட்டுங்க."

காட்டினேன். தாளில் ஏழு இருபத்திரண்டு. பதிவுப் பெட்டியின் எண்களில் என் பென்சில் தானாக ஏழு பதினெட்டில் போய் நின்றது.

"ஒந்து நிமிஷ சார். பதினெட்டுல ஏன் பாக்கறீங்க?"

"நாலு கழிக்கணுமேம்மா. யாரும் லேட்டா வரக்கூடாதுன்னு கொட்டகைக் கடிகாரத்தை நாலு நிமிஷம் முன்னால வச்சிருக்கேன்."

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"அப்ப ஆறு வருஷமா சும்மாவே ஓடி வந்தேனா?" என்றார் விமானி.

நான்கைக் கழித்ததும் விமானம் ஒழுங்காக மூன்று முறை கவிழ்ந்தது. நாலு ஐம்பத்தொன்றுக்கு அறிக்கை போயிற்று, அனுமதியும் வந்தது.

"மனசுக்குள்ள இன்னும் என்னென்ன கழிக்கிறீங்க சார்? எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார் எஞ்சினியரம்மா.

மறுநாள் காலை முதல் வேலையாக எழுதிக் கொடுத்தேன். பதினொன்று தேறின. ஏழாவது: விமானி "பரவாயில்லை" என்று சொன்னால், அந்தச் சோதனையை இன்னொரு தரம் செய்யச் சொல்ல வேண்டும்.