அப்பா கழற்றிய தண்டவாளம்

அப்பாவை நான் ஒருமுறை காட்டிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் ரயில்வேயிடமே.

வேலூரிலிருந்து விழுப்புரம் போகும் பழைய மீட்டர்கேஜ் பாதையில் அப்பாவுக்குக் கீமேன் வேலை. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே தினமும் மைல்கணக்கில் நடப்பார். "இதுல ஒண்ணைக் கழட்டுனாலும் வண்டி கவுந்துடும். கழட்டுறவன் ஜெயிலுக்குத்தான் போவான்" என்று என்னைப் பலமுறை மிரட்டியிருக்கிறார். பயத்தில் நான் ஒரு சாவியைக்கூடத் தொட்டதில்லை.

எனக்கு ஏழு வயதானபோது பாதையை அகலமாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. இரண்டு தண்டவாளத்தையும் கொஞ்சம் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் அம்மா, "வண்டி நின்னுடுச்சி" என்று பெருமூச்சு விட்டார். இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? வண்டி என்றால் நிற்கும், பச்சைக் கொடி காட்டினால் கிளம்பும். எந்த ஸ்டேஷனிலோ நிற்கிறது, வந்துவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் அப்பா, அதே சுத்தியலால் சாவிகளை வெளியே தட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் வண்டி கவிழும். அதில் திருவண்ணாமலை அத்தை வந்தாலும் வரலாம். என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"சார், எங்கப்பா லைனைக் கழட்டுறாரு! வண்டிய நிறுத்துங்க!"

வேலையில்லாமல் பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர், "வண்டிதான் எப்பவோ நின்னுடுச்சேம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தார்.

"இன்னாய்யா, உம் பொண்ணே உம்மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்குது!"

கூடவே வந்த வேலையாட்களும் சிரித்தார்கள். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா அடிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "கொழந்த சொல்றது நெசந்தான் சார். எழுதிக்குங்க" என்றார்.

சிரிப்பு இன்னும் கூடியது. அப்பாவும் விளையாடுகிறார், இனி ஜெயில் இல்லை என்ற நிம்மதியில், அங்கே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.