மூன்றா, மூன்றரையா

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் தம்பி மகள், இதய மருத்துவர். கருவியை இயக்குபவன், வாய் ஓயாதவன் என்பதால் எல்லோருக்கும் அவன் 'ரேடியோ'. ஒரு நர்ஸ். மேசைமேல் ஒரு பஸ் டிரைவர். ஐந்தாவது ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பெண் பொய் சொல்லி வளர்ந்தவள் அல்ல. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

நடந்தது பட்டப்பகலில். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாய் டிரைவரின் இதய ரத்தநாளத்துக்குள் போயிருந்தது. மோட்டார் அதை மெதுவாகப் பின்னுக்கு இழுக்கும். இழுக்க இழுக்க நாளத்தின் அகலத்தை அதுவே அளந்துவிடும். அடைப்பைத் திறந்து வைக்க, அதற்கேற்ற ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை உள்ளே வைக்க வேண்டும். பெரிதானால் நாளம் கிழியும். சிறிதானால் ஸ்டென்ட் நழுவும். எது தவறினாலும் உயிர் போகும். அதனால் ரேடியோ அளவைச் சொல்ல, நர்ஸ் திருப்பிச் சொல்ல, மருத்துவர் 'சரி' என்ற பிறகுதான் ஸ்டென்ட் பெட்டியைப் பிரிப்பார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். டிரைவர் விழித்தே இருந்தார்.

"குளிருதும்மா."

"ஏசிக்குத் தனி டிக்கெட் கிடையாதுண்ணே, அனுபவிங்க," என்றான் ரேடியோ.

ர்ர்ர்… மோட்டார் நின்றது.

"மூணு மில்லிமீட்டர்," என்றான்.

"மூணரை…"

ஆண் குரல். நர்ஸ் இன்னும் வாயே திறக்கவில்லை.

"ரேடியோ, விளையாடாதப்பா."

"சத்தியமா நான் இல்ல டாக்டர்."

என் தம்பி மகள் டிரைவரைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. கண்கள் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால்…

திரும்பினாள். வெறும் சுவர்.

"இன்னொரு தடவை அளந்து பாருப்பா."

ர்ர்ர்… திரையில் மறுபடியும் மூன்று.

"மூணரை… குளிருதும்மா…"

இம்முறை காதருகே. கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு.

"டாக்டர்… எதைப் பிரிக்கட்டும்?" நர்ஸ் இரண்டு பெட்டிகளையும் எடுத்து நீட்டினாள்.

என் தம்பி மகள் அசைந்து கொடுக்கவில்லை.

"மெஷின் சொல்றதுதான். மூணு."

"மூ… மூணு."

"சரி."

அன்று மாலை டிரைவர் இறந்தார். ஸ்டென்ட் நழுவியிருந்தது.

மறுநாள் பிணவறைக் குளிர்பெட்டியிலிருந்து உடலை எடுத்து, அந்த நாளத்தை வெட்டி அளந்தார்கள். மூன்றரை.

குரல் டிரைவருடையதுதான் என்று நர்ஸ் இன்றும் சாதிக்கிறாள். ரேடியோ அதன்பின் யாரிடமும் பேசுவதில்லை.

என் தம்பி மகள் பேயின் பேச்சைக் கேட்டு ஓர் உயிரைப் போக்கிவிட்டாள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள்.

பொய். அவள் கேட்கவில்லை.