வெங்காயத் தோல்

தெலுங்கு பேசும் போலாரத்தில் நான் எட்டாவது படித்த அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தமே அறுபது, எழுபது பேர்தான். அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் பாதிப்பேர் தேறவில்லை. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார், சரியில்லை என்று எழுதிவிட்டால் பள்ளியை மூடி, தொலைவிலுள்ள பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. ராணுவ மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்த அப்பா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பஸ் மாறிப் போயி பொம்பளப் புள்ள படிக்கணுமா? நக்கோ, வேணாம். எட்டாவதோட போதும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பள்ளியின் ஒரே சொத்து ஒரு நுண்ணோக்கி. அது பூட்டிய பீரோவை விட்டு வெளியே வருவது ஆண்டுக்கு ஒருமுறை, தசரா விடுமுறைக்கு முன் ஆயுத பூஜை போடும்போது. பயபக்தியோடு சந்தனம் குழைத்து அதற்குப் பொட்டு வைப்போம். எது பித்தளை, எது கண்ணாடி என்று யார் பார்த்தார்கள்?

அதிகாரி முன் அதை இயக்கிக் காட்ட அறிவியல் டீச்சர் என்னைப் பிடித்தார். எனக்கு வாய் நீளம் என்பதுதான் தகுதி. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று கருவியைத் தொடாமலே ஒத்திகை நடந்தது. வெங்காயத் தோல், அதில் செல்கள் செங்கல் சுவர்போல் தெரிகின்றன என்று தெலுங்கில் உருப்போட்டேன்.

அதிகாரி வந்தார். "ஏம் கனிபிஸ்துந்தம்மா?" என்றார். என்ன தெரிகிறது என்று கேட்கிறார். குனிந்து பார்த்தேன். கும்மிருட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், அதே இருட்டு. உருப்போட்டதை ஒப்பித்துவிட்டேன்.

அவர் என்னை நகர்த்திவிட்டுத் தானே குனிந்தார். பள்ளி போயிற்று, படிப்பும் போயிற்று என்று நினைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமாம்மா, செங்கல் சுவரேதான்" என்று தெலுங்கில் சொன்னார். கருவிகள் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பள்ளி பிழைத்தது. புது நுண்ணோக்கி வரவில்லை. பழையதுதான் நன்றாக இருக்கிறதே! எனக்கோ வேறு பயம் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையென்றால், என் கண் அவிந்துகொண்டிருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அதையே சாக்காக வைத்து அப்பா படிப்பை நிறுத்திவிடுவார். அந்த ஆண்டு முழுவதும், எழுந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் காலண்டரில் தேதியைப் படித்துப் பார்ப்பேன். அவர் பார்த்ததும் அதே இருட்டைத்தான் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.