என் கண்ணே, ஓவர்

மே மாதம், தன் பெயருக்குரிய புனிதரின் திருநாள் கழிந்த மறுநாள், சிதெரிஸ் கப்பலேறக் கிளம்பினான். தண்ணீரைப் போலத் தடையில்லாமல் ஓடிப் போய்த் திரும்ப வேண்டும் என்று அவன் நடந்த வழியில் அவன் மனைவி கல்லிரோயி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். தெருவில் நாலைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"காலர் மடங்கியிருக்கு" என்றாள்.

அவன் காலரைச் சரிசெய்துகொண்டு, இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தான். வரவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டான்.

வீட்டுக்குள்ளே கல்லிரோயி கொஞ்சுவதில் கஞ்சத்தனம் பண்ணியவள் இல்லை. கதவைச் சாத்திவிட்டால் அவன்தான் கண், அவன்தான் உயிர், அவன்தான் அவளுடைய பொன்குருவி. ஆனால் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும், இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. மீதிக் காலமெல்லாம் ரேடியோதான்.

அவர்களுடைய கிரேக்கத் தீவு ஊரான கார்தாமிலாவில் அதுதான் தொல்லை. ரொட்டிக்கடைப் பனோரியாவிடம் ஒரு டெலிபோன் இருந்தது. ஏதென்ஸ் நிலையம் அதைக் கப்பலோடு இணைத்துக் கொடுக்கும். ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொன்னால்தான் மற்றவர் பேசலாம். அந்தப் பேச்சு அப்படியே காற்றில் போகும். ஊரில் ஒவ்வொரு அடுப்படியிலும், பீன்ஸ் உரித்துக்கொண்டே பெண்கள் ரேடியோவின் முள்ளைக் கப்பல் அலைவரிசைக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். கப்பல்களில் இருக்கும் உள்ளூர் ஆண்களும் கேட்பார்கள். ஒருமுறை ஒரு கேப்டனின் மனைவி, "என் கோழிக்குஞ்சே, சாப்டியா? ஓவர்" என்று கேட்டுவிட்டாள். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரமான ஆள் அவர். ஊருக்கு வந்ததும் காப்பிக்கடையில் அவர் முன்னால் ஒருவன் ஒரு கை தானியம் தூவினான்.

அதைப் பார்த்ததிலிருந்து கல்லிரோயி டெலிபோனில் ஊர்ச் செய்திதான் வாசித்தாள்.

"கிணத்துல தண்ணி இறங்கிப் போச்சு. ஓவர்."

"சரி. வேற? ஓவர்."

"பூனை குட்டி போட்டிருக்கு. ஓவர்."

"ஏய், கல்லிரோயி, ஏழு மாசமா தண்ணியையே பாத்துக்கிட்டிருக்கேன். லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே சிமெண்டோட நங்கூரம் போட்டுக் கிடக்கோம், உள்ள விடமாட்டேங்கிறான். இவனுங்க என்னைக் கேக்குறானுங்க, பேசறது உன் பொண்டாட்டியா, இல்ல துறைமுக ஆபீஸான்னு. ஓவர்."

அவள் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் பனோரியா ரொட்டி அடுக்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

"ஒப்பந்தம் முடியப்போவுது. இங்கேயே இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடவா? ஓவர்."

"உன் இஷ்டம். ஓவர்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு உட்கார முடியவில்லை. கழுவிய தரையை மறுபடி கழுவினாள். துறைமுகம் வரை நடந்தாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். அவனுடைய சட்டைகளை இஸ்திரி போட்டாள், மடித்தாள், பிரித்து மறுபடி போட்டாள். போடாதே என்ற ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே அவன் அப்படிக் கேட்டான்? வாய்க்குள் வைத்துக்கொண்டு என்ன வட்டி சேர்க்கப்போகிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் காலை ரொட்டிக்கடைக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள்.

"பனோரியா, கப்பலுக்குப் போட்டுக் குடு."

"நீயா? நீயே கேட்டுப் பேசப் போறியா? யாருக்கு என்ன ஆச்சு?"

"போடுடி."

இணைப்பு வந்தது. கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் நகரவில்லை.

"சிதெரிஸ், கையெழுத்துப் போடாத. வந்துடு. என் கண்ணே, என் உயிரே, என் பொன்குருவி, நீ இல்லாம இந்த வீட்டுல ஒரு இடத்துல உக்கார முடியல எனக்கு. ஓவர்."

இரைச்சல்தான் வந்தது. அப்புறம் ஏதென்ஸ் நிலையத்துக்காரன்.

"அங்கேயிருந்து பதிலே இல்லம்மா. நீங்க பேசினது போச்சான்னு தெரியல. இன்னொரு தரம் சொல்றீங்களா?"

கல்லிரோயி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள், முன்னைவிடச் சத்தமாக. மறுபடியும் இரைச்சல்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அர்கிரோ வேலி மேல் சாய்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

"அடியே பொன்குருவிக்காரி! உன் புருஷன் கேட்டானோ இல்லையோ, என் புருஷன் கேட்டுட்டான். பொண்டாட்டின்னா இப்படிப் பேசணுமாம். முப்பது வருஷமா என்னை 'ஏ இவளே'ன்னு கூப்பிடற மனுஷன் சொல்றான்!"

தெருவே சிரித்தது. கல்லிரோயிக்கு வெட்கம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற ஒன்றுதான் அரித்தது. தினமும் பனோரியா முயன்று பார்த்தாள். கப்பல் பதில் தரவில்லை. கிறிஸ்துமஸ் போனது. ஒப்பந்தம் முடியும் தேதியும் போனது. தபால்காரன் தெரு முனை திரும்பும்போதெல்லாம் கல்லிரோயி வாசலுக்கு வந்தாள், அவன் தாண்டிப் போனதும் காரணமில்லாமல் வாசலைப் பெருக்கினாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கிய வாரம், லாகோஸ் துறைமுகத்துக்குள்ளிருந்து தந்தி வந்தது.

"ரெண்டு தரமும் கேட்டேன். கேக்கற கருவி நல்லாருக்கு, பேசற கருவிதான் பழுது. ரேடியோ அறையில எட்டுப் பேர் இருந்தோம், ஒருத்தனும் சிரிக்கல. கையெழுத்துப் போடல. இன்னிக்குத்தான் கரைக்கு வந்தோம். ஈஸ்டருக்குள்ள வர்றேன். பஸ்ஸுக்கு வராத, வீட்டுலயே இரு. சிதெரிஸ்."