அன்றைக்குத் தூக்காத கை

இந்த ஜெர்மன் பள்ளியில் பதில் சொல்ல யாரும் கை தூக்குவதில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்துகிறார்கள். முதல் வாரம் எனக்கு ஒரே சிரிப்பு. மொத்த வகுப்பும் ஒன்னுக்குப் போக அனுமதி கேட்கிற மாதிரி. கையை முழுதாக நீட்டினால் ஹிட்லருக்கு அடித்த சல்யூட் போலாகிவிடும் என்று வரலாற்று ஆசிரியை லிண்ட்னர் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே அவர் வகுப்பில் பகுதிநேர உதவியாளராக இருக்கிறேன்.

நேற்று ஹோலோகாஸ்ட் பாடம். ஒரு தெருவே கூடி, பக்கத்து வீட்டு யூதக் கடைக்காரரை உதைத்ததைச் சொல்லிவிட்டு, "நீங்க அந்தத் தெருவுல இருந்திருந்தா?" என்று லிண்ட்னர் கேட்டார். யோனாஸ் என்ற பையன் விரல் நீட்டி, "எங்க வீட்டுல ஒளிச்சு வச்சிருப்பேன்" என்றான். அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். தெரு முழுக்க நல்லவர்கள். அப்படியென்றால் உதைத்தது யார்?

கோத்தகிரியில் நான் படித்த ஒன்பதாம் வகுப்பு. தாயகம் திரும்பியோர் சலுகைப் பட்டியலுக்காக வருடா வருடம் சார் கேட்பார். "சிலோன்ல இருந்து வந்தவங்க ஊட்டுப் பசங்க கை தூக்குங்க, பேர் எழுதோணும்." அந்த வருடம் தர்மன் தூக்கினான். நான் தூக்கவில்லை. ஒரே எஸ்டேட் லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. இரண்டு தாத்தாக்களும் ஒரே கப்பலில் வந்தவர்கள். இன்டர்வெல்லில் தேயிலைக்காட்டு ஓரம் நாலு பேர் அவனை வளைத்தார்கள்.

"ஏன்டா சிலோனு, அடுத்த கப்பல் எப்படா?"

முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. கவாத்து வெட்டிக் கூராக நின்ற குத்துச்செடிகள் மேல் அவனைத் தரதரவென்று இழுத்தார்கள். சட்டை கிழிந்து முதுகெல்லாம் ரத்தம். அப்புறம் ஒருத்தன் என் பக்கம் திரும்பினான்.

"நீயும் அதே லயம்தானே? நீயும் சிலோனாடா?"

"போடா, நாங்க கோயமுத்தூரு."

அவன் நம்ப வேண்டுமே. ஷூக்காலால் தர்மன் வாயில் ஓங்கி உதைத்தேன். பல் தெறித்தது. தர்மன் என்னையே பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்து நான்தான். சொல்லவில்லை. வீட்டில்கூட வழுக்கி விழுந்துவிட்டதாகத்தான் சொன்னான்.

நேற்று வகுப்பில் லிண்ட்னர் என்னிடம் திரும்பினார். முகத்தில் இரக்கம் தயாராக இருந்தது. "வெளிநாட்டுக்காரங்கன்னு உங்களையும் யாராவது அடிச்சிருப்பாங்க இல்லையா? சொல்லுங்களேன்."

"அந்தத் தெருவுல அடிச்சிருக்கக் கூடியவங்க இங்க யாருன்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார். ஒரு விரலும் எழவில்லை. என் கை எழுந்தது. முழுதாக, விரல்கள் விரிந்து, கோத்தகிரியில் தூக்குகிற மாதிரி. யோனாஸ் பதறிப்போய்த் தன் ஒற்றை விரலைக் காட்டினான், இப்படி, இப்படி என்று. மற்ற விரல்களை மடக்கப் பார்த்தேன். பாதிதான் மடங்கின.